இடது கைக்கு எட்டிய எழுத்துகள்

நிர்மலாதேவிக்கு வலது மணிக்கட்டு மடங்காது. மேலகரத்தில் மினிபஸ் உரசி ஸ்கூட்டரோடு விழுந்ததிலிருந்து அந்தக் கையில் பையைத் தொங்கவிடலாம். மவுஸைப் பிடிக்க முடியாது; இடது கைக்கு மவுஸ் படியவும் இல்லை. குற்றாலத்தில் வல்லிநாயகம் அண்ணாச்சியின் லாட்ஜில் அவள் ரிசப்ஷனில் இருந்தாள். அறை நிலவரம் முழுக்க எக்செல் ஷீட்டில்தான். ஆள் இருக்கும் அறைக்கு மஞ்சள், காலி என்றால் பச்சை, குழாய் கோளாறென்றால் சிவப்பில் தடித்த எழுத்து.

கை போனபின்னும் அண்ணாச்சி அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அவளும் வீடியோ பார்த்து மேக்ரோ பதியக் கற்றுக்கொண்டாள். மஞ்சள் அடிப்பதை ஒருமுறை பதிந்து ஷார்ட்கட் கொடுத்துவிட்டால் போதும், பிறகு அந்த விசைகளை அமுக்கினாலே மஞ்சள் விழும். கன்ட்ரோலையும் ஷிப்டையும் இடது கையால் அமுக்கியபடியே எட்டுகிற எழுத்துகளாகப் பார்த்து எடுத்தாள். கியூ மஞ்சள், டபிள்யூ பச்சை, ஈ சிவப்பு. சாரல் சீசனில் ஈரத்துண்டோடு ஜனம் கவுண்டரை மொய்த்தபோதும் அவளுக்கு விரல் தடுமாறியதில்லை.

இந்த ஆனியில் அண்ணாச்சியின் மகள் சண்முகப்பிரியா பெங்களூரிலிருந்து வந்து, அவர்களுடைய எல்லா லாட்ஜுக்கும் சேர்த்து ஒரே ஆன்லைன் ஷீட் போட்டாள்.

"இதுலயும் மேக்ரோ உண்டுக்கா. நான் போட்டுத் தாரேன்."

போட்டும் தந்தாள். ஆனால் அதில் எழுத்து வைக்க முடியாது. கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு எண்ணை அமுக்க வேண்டும். நிர்மலா விரலை விரித்து எண்ணைத் தொட்டால் மற்றதில் ஏதாவது ஒன்று நழுவியது. சண்முகப்பிரியா மறுபடி தேடி, ஒவ்வொன்றாக அமுக்கினாலே போதும் என்கிற வசதியையும் கண்டுபிடித்துப் போட்டாள். அது வேலை செய்தது. மழைதான் கெடுத்தது. நெட் இழுத்துக்கொண்டே இருக்கும். நிறம் விழும்வரை காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போனால் எது எங்கே விழும் என்று தெரியாது.

ஒரு சனிக்கிழமை சங்கரன்கோவில் குடும்பம் ஒன்று அறை கேட்டது. பச்சையாய் இருந்த அறையின் சாவியைக் கொடுத்தாள். அது அருவிக்குப் போனவர்கள் கவுண்டரில் விட்டுப்போன சாவி. அவர்கள் திரும்பி வந்தபோது தங்கள் பைகளுக்கு நடுவே அந்நியர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பூட்டின ரூமை யாரு தெறந்து விட்டா?" என்று அருவிக்குப் போய்வந்த அம்மாள் படியிறங்கி வந்து கேட்டாள். நிர்மலா திரையைப் பார்த்தாள். பக்கத்துக் காலி அறை மஞ்சளாய்க் கிடந்தது. அருவிக்குப் போனவர்களுக்கு அடித்த மஞ்சள் ஒரு வரி தள்ளி விழுந்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி இரண்டு பக்கமும் பேசிச் சமாதானம் செய்தார். அவளைத் திட்டவில்லை.

"பழைய ஷீட்டையே வச்சுக்கிடட்டுமா அண்ணாச்சி?"

"எல்லா லாட்ஜும் புதுசுல ஏறிட்டுல்லாம்மா. ஒனக்கு மட்டும் எப்படி..." என்றபடியே வெளியே போய்விட்டார்.

மறுநாள் முதல் அவளுக்குப் போன் எடுக்கிற வேலை மட்டும். "நூத்தி ஏழு காலி" என்று அவள் சொல்ல, புதிதாக வந்த ஜெயபிரியா மவுஸால் பச்சை அடித்தாள். நல்ல பிள்ளைதான். ஆனாலும் அவள் நிறத்தைத் தேடித் தேடி அமுக்குவதைப் பார்க்க நிர்மலாவால் முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தென்காசியில் ஒரு ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னார்கள். மவுஸ் வலது பக்கம் இருந்தது.

"எனக்குன்னு கொஞ்சம் ஷார்ட்கட் போட்டுக்கிட்டா வேகமா செய்வேன் சார்."

"எங்க சிஸ்டத்துல மேக்ரோவுக்கு அனுமதி இல்லம்மா. பார்த்துட்டுச் சொல்லி அனுப்புதோம்."

யாரும் சொல்லி அனுப்பவில்லை. லாட்ஜில் போன் எடுக்க அவள் குற்றாலம் பஸ்ஸில்தான் தினமும் ஏறுகிறாள்.