சீர் ஏற்றிய வெல்டிங் வண்டி

சமயநல்லூர் அழகுராஜாவைப் போல சிலிண்டருக்குப் பயந்த மனுஷனை மதுரை வட்டாரத்திலேயே பார்க்க முடியாது. குட்டியானை வண்டியில் வெல்டிங் மெஷினை ஏற்றிக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்குப் போய் இரும்புக் கேட்டும் ஷெட்டும் அடித்துக் கொடுப்பது அவன் தொழில். ஆக்சிஜன் ஒன்று, அசிட்டிலின் ஒன்று, இரண்டு சிலிண்டரும் கேபினை ஒட்டிய இரும்புக் கூண்டுக்குள் சங்கிலி போட்டு நிமிர்ந்து நிற்கும். வேலை முடிந்தால் வால்வை இறுக மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைத் திருகிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். மேலே தார்ப்பாய் போடவே மாட்டான். கசிந்தால் காற்றோடு போகட்டும் என்பான்.

"என்ன மாப்ள, பொண்டாட்டியக்கூட இம்புட்டுப் பத்திரமா வச்சுக்கிட மாட்டபோல" என்று மற்ற வெல்டர்கள் கேலி செய்வார்கள்.

"அவ கோவிச்சுக்கிட்டா ஆத்தா வீட்டுக்குப் போவா. இது கோவிச்சுக்கிட்டா நம்மள அனுப்பிரும்ணே" என்பான்.

அப்பேர்ப்பட்டவன் கையால்தான் அது நடந்தது. என்னத்தைச் சொல்ல, நினைத்தாலே வயிறு எரிகிறது.

அவனுக்கு ஒரே தங்கை முனீஸ்வரி. எழுமலை சோணைமுத்துவுக்கு வாக்கப்பட்டவள். அவள் மகள் பவதாரிணிக்கு நாலு வயதில் காதுகுத்து வைத்தார்கள். அந்தப் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் எல்லாம். அவன் சீரோடு வரும்போது மேளமும் வேட்டும் ஊரையே தூக்க வேண்டும். பிறகு அவன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அழகுராஜாவுக்குப் பிள்ளை கிடையாது. அந்தக் குட்டி பிறந்ததிலிருந்தே, என் மடி அவளுக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

காதுகுத்துக்கு முதல் நாள் பசுமலையில் ஒரு ஷெட் வேலை இழுத்தடித்துவிட்டது. மறுநாள் காலையில் சீர் ஏற்றப் போனால், கூண்டு மறித்துக்கொண்டு பீரோ ஏறவில்லை. கூண்டின் போல்ட்டைக் கழற்றி இறக்கினான். சிலிண்டரையும் இறக்கி நிறுத்திக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம், அரைமணி நேர வேலை. பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறதே என்ற பாழாய்ப்போன அவசரம். இரண்டையும் வண்டித் தளத்திலேயே படுக்க வைத்தான். அசிட்டிலினில் வால்வு சரியாக மூடாமல், ரெகுலேட்டர் மாட்டியது மாட்டியபடி கிடந்தது. சங்கிலியை எடுத்து பீரோவைக் கட்டினான். சீர் வண்டியில் அழுக்கு சிலிண்டர் தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று, தார்ப்பாயைப் போட்டு இழுத்தும் மூடினான்.

உசிலம்பட்டியில் டீக்கு நிறுத்தியபோது அவன் மனைவி சுபலட்சுமி மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க, பூண்டு வாடை அடிக்குது?"

அசிட்டிலின் கசிந்தால் பூண்டு நாறும். பீரோ ஆடி ஆடி ரெகுலேட்டரை இடித்திருக்கிறது. பதினெட்டு வருஷம் அந்த வாடையோடு பிழைத்தவனுக்குத் தெரியாதா? தெரிந்தது. மணி பத்தாகப் போகிறது என்பதும் தெரிந்தது.

"டீக்கடையில வடைக்கு அரைக்கிறாங்க போல. ஏறு, நேரமாச்சு" என்றான்.

எழுமலை எல்லையில் மேளம் காத்திருந்தது. சோணைமுத்து புது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "வாங்க மச்சான், அம்புட்டையும் நானே இறக்குறேன்" என்று சிரித்தபடி வண்டியில் ஏறித் தார்ப்பாயை விலக்கினான். அந்த நேரம் பார்த்து யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். உள்ளே அடைந்து கிடந்த வாயு குப்பென்று தீப்பிடித்தது. முனீஸ்வரி ஆரத்தித் தட்டோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதுரை பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து சோணைமுத்து போய்ச் சேர்ந்தான்.

அழகுராஜாவால் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தங்கை காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டான். "வாடை அடிச்சுச்சும்மா. தெரிஞ்சுதான் வந்தேன்."

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"நீ இத எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம்ணே" என்றாள். "இனிமே வராத."

போலீஸ் கேஸ் நடந்தது, கோர்ட்டுக்கு அலைந்தான். அதெல்லாம் அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிள்ளைக்கு இன்னும் காது குத்தவில்லையே, மாமன் இல்லாமல் எப்படிக் குத்துவாள், ஒரு நாள் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும். இந்த ஒரு நினைப்பில்தான் மூன்று வருஷம் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

போன மாதம் எழுமலையில் ஒரு பள்ளிக்கூடத்துக் கம்பிவேலியை ஒட்டவைக்கக் கூப்பிட்டார்கள். தூரமாக நின்றாவது பிள்ளையைப் பார்க்கலாமே என்று போனான். இடைவேளையில் அவளே பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க எங்க மாமாதான? வீட்டுல போட்டோ இருக்கு."

இரண்டு காதிலும் கம்மல். அழகுராஜா வேலியை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"எப்பக் குத்துனாங்க ஆத்தா?"

"பெரிய லீவுல. கோயில்ல வச்சு."

"யாரு மடியில உக்காந்த?"

"யாரு மடியிலயும் இல்ல மாமா. பெரியப்பா வா வான்னு கூப்பிட்டாரு. அம்மா விடல. அது மாமா எடம், யாரும் உக்காரக் கூடாதுன்னு சண்ட போட்டாங்க. வெறும் பலகையில உக்கார வச்சுத்தான் குத்துனாங்க."

"வலிச்சுச்சாத்தா?"

பிள்ளை கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பிடிச்சுக்கிட ஆளில்லைல்ல. வலிச்சுச்சு மாமா."

மணி அடித்தது, அவள் ஓடிவிட்டாள். அழகுராஜா வேலி ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதான்.