மீன் ஏறும் ஞாயிறு

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, அதன் அலுமாரியில் மிருகங்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடந்தது. எனக்கு ஆங்கிலம் வராது. படம் மட்டும் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஆறு பாறையில் விழுந்து நுரைத்துக்கொண்டிருந்தது. அதற்கு எதிராக ஒரு பெரிய மீன் ஆகாயத்தில் நின்றது. நான் ஆறே இல்லாத ஊரில் பிறந்தவன். படம் கீறியவன் புளுகுகிறான் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்ப விரித்தேன். அடுத்த ஊருக்கு ஓடும்போது புத்தகம் அங்கேயே தங்கிவிட்டது.

பிறகு பல நாடுகள். பாங்கொக்கில் ஒளித்திருந்த அறையில் பல்லிகளைப் பார்த்தேன். மொஸ்கோவில் பனிக்குள் நின்ற காகங்களைப் பார்த்தேன். வேறு வேலை இருக்கவில்லை. கனடாவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் நாலைந்து பேரோடு ஓர் அறையில் இருந்தேன். அவர்கள் ஒவ்வொருவராகக் கலியாணம் கட்டிப் போனார்கள். நான் மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் நிலத்தடிப் பேஸ்மென்றுக்கு வந்தேன். நடந்துபோகும் தூரத்தில் காடும் ஆறும் இருந்தன, அதுதான் காரணம்.

முதல் இலையுதிர்காலத்திலேயே, ஏரியிலிருந்து சால்மன் மீன்கள் அந்த ஆற்றில் ஏறி வருவதைக் கண்டேன். படம் புளுகவில்லை. அதைப் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்குச் சொல்லவேண்டும் போலிருந்தது. நாயோடு வந்த ஒரு பெண் ஹலோ சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகும் பல வருசம் தனியாகத்தான் பார்த்தேன்.

போன வருசம், நான் வேலைசெய்யும் பேக்கரியில் என்னோடு மாவு குழைக்கிறவரிடம் சால்மன் ஏறுவதை வாய்விட்டுச் சொல்லி, ஆற்றுக்கு வாரும் என்றேன். என்னைவிட இளையவர், மன்னார்க் கடற்கரை ஆள், வேதக்காரர், ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குப் போகிறவர்.

"ரின்னில அடைச்சு வாற மீனோ, அண்ணை?"

"ஓம், அதுதான். முட்டை போட மேல ஏறி வரும். போட்டிட்டுச் செத்துப்போம்."

"அப்ப ஞாயிறு பூசை முடிய வாறன்."

சனிக்கிழமை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மழை பெய்தால்தான் மீன் நன்றாக ஏறும். நல்லவேளை, பெய்தது. காலையில் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றி, இரண்டு கப் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் கோயிலுக்குப் போட்ட சப்பாத்தோடு வந்தார். கையில் வெறும் அரிசிப் பை.

"உது என்னத்துக்கு?"

"என்ன கேள்வி அண்ணை? மீனுக்குத்தான்."

நான் அடுத்த வார்த்தை சொல்லமுதல் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். கடற்கரைப் பிள்ளையின் கை. ஒரே பிடியில் ஒரு பெட்டை மீனைத் தூக்கினார். அதன் வயிற்றிலிருந்து செம்மஞ்சள் முட்டைகள் சிந்தின.

"விடும் தம்பி, முட்டை நிக்குது."

"முட்டைதானே அண்ணை ருசி!"

"பாக்கத்தானே வந்தனீர்?"

"மீனைப் பாக்கவோ? மீனை ஆரும் பாக்க வருவினமோ? எப்பிடியும் சாகிற மீன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"போட்டிட்டுச் சாகட்டும். விடும்!"

நான் கத்திவிட்டேன். மேலே பாலத்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் மெல்லக் குனிந்து மீனைத் தண்ணீருக்குள் விட்டார். அது கொஞ்ச நேரம் சரிந்து கிடந்தது. பிறகு நிமிர்ந்து போனது.

கரைக்கு வந்து, ஈரக்காலைச் சப்பாத்துக்குள் திணித்தபடி சொன்னார்:

"வீட்டில என்ரை மனுசி மீன்குழம்புக்குப் புளி கரைச்சு வைச்சிருக்கிறா, அண்ணை. உங்களுக்கும் சேத்துத்தான்."

தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மீன் இல்லாவிட்டாலும் வாங்கோ என்று அவர் சொல்லவில்லை. நானும் பின்னால் போகவில்லை. பை காற்றில் அடிபட, அவர் பஸ் தரிப்பிடம் வரை நடந்துபோனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை பேக்கரியில் எனக்கு மீன்சாமியார் என்று பெயர் விழுந்திருந்தது. அதில் எனக்குக் கோபமில்லை. அவர் இன்றைக்கும் மரியாதையாக அண்ணை என்றுதான் கூப்பிடுகிறார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேறு மேசையில் இருக்கிறார்.

இந்த வருசமும் மழை விட்ட மறுநாள் மீன் ஏறத் தொடங்கியது. வேலையில் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.