பெரியப்பாவின் சுவிஸ் துப்பாக்கி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மலாக்காவில், எங்கள் காஜா பேராங் வீட்டில் தோசை வாசனைக்கு முன்பே துப்பாக்கி எண்ணெயின் நெடிதான் மூக்கில் ஏறும். முன்கூடத்தில் பாயை விரித்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற பக்குவத்தோடு பெரியப்பா தன் சுவிஸ் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருப்பார்; அதைத் தாண்டிப் போகக்கூடாது, அதன் பக்கத்தில் தும்மக்கூடாது, அது கிடக்கிறவரை யாரும் கூடத்தைக் கூட்டக்கூடாது.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா காலமாகி, ஒரே மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபின் எங்களோடு வந்து தங்கினார். மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குத் திரும்பிய அவருடைய வெள்ளைக்காரத் துரை, நாற்காலியையும் மேசையையும் சமையற்காரனுக்குக் கொடுத்துவிட்டு, சுவிஸ் ராணுவம் கழித்துக்கட்டியதை எங்கோ வாங்கி வைத்திருந்த அந்தத் துப்பாக்கியை மட்டும் பெரியப்பாவின் பெயருக்கு லைசன்ஸ் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். வாழ்நாள் முழுவதும் "யெஸ் சார்" சொன்னதற்குக் கிடைத்த கூலி அதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பெரியப்பாவுக்கோ அது கிரீடம்.

மற்றத் துப்பாக்கிகளின் பிடியை மேலே தூக்கித்தான் பின்னால் இழுக்க வேண்டும், இதை நேராக இழுத்தாலே போதும் என்பதை வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் 'சடக் சடக்' என்று இழுத்துக் காட்டுவார். குழாயின் அடியில் சின்னக் கேடயத்துக்குள் ஒரு சிலுவை பொறித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு அம்மா அதற்கு "ஆஸ்பத்திரித் துப்பாக்கி" என்று பெயர் வைத்தார். சண்டைக்கே போகாத நாட்டுக்காரன் செய்தது, சண்டையென்றால் கதவைச் சாத்திக்கொள்கிறவர் கைக்கு வந்திருக்கிறது என்று அடுக்களையில் முணுமுணுப்பார். ஜப்பான்காரன் காலத்தில் பெரியப்பா மரவள்ளிக் கொல்லைக்குள் ஒளிந்திருந்த கதை அம்மாவுக்குத் தெரியும்.

துரை கொடுத்துவிட்டுப் போன தோட்டாக்கள் கொஞ்சம்தான். அந்த அளவுத் தோட்டா மலாக்காவில் எந்தக் கடையிலும் விற்கவில்லை. வேறொருவராக இருந்தால் அதைக் குறையாகச் சொல்லியிருப்பார். பெரியப்பா பெருமையாக்கிக்கொண்டார். சீனன் காப்பிக் கடையிலும் கோயில் வாசலிலும், "மலாயா பூரா தேடிப் பாரு, இந்தத் தோட்டா வேற எவன்கிட்டயும் கெடையாது" என்பார். சில ஞாயிறுகளில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே புக்கிட் பாரு பக்கம் போய், மண்மேட்டில் ஒரு மண்ணெண்ணெய் டின்னை வைத்து ஒரு தோட்டா சுடுவார். டின் அப்படியே நிற்கும். காற்றின் மீதும் வெயிலின் மீதும் பழி போட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். டின்னைச் சுமந்து வருவது அப்பாவின் வேலை.

அந்த வருட மழைக்காலத்தில் புக்கிட் பாரு மரவள்ளிக் கொல்லைகளைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் போடுவதாகப் பேச்சு வந்தது. யாரும் கூப்பிடவில்லை, பெரியப்பா தானாகவே கிளம்பினார். துரை விட்டுப்போன காக்கிக் கால்சட்டையை இடுப்பில் கயிறு கட்டி நிறுத்திக்கொண்டு, வெயில் தாழ்ந்த நேரத்தில் அப்பாவோடு போனவர், இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். கை கால் கழுவாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா அடுக்களைக்கு வந்து பலகையில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று அம்மா கேட்டார்.

"கொல்லைக்குள்ள கறுப்பா அசைஞ்சுச்சு. பன்னின்னு நெனச்சு சுட்டுட்டாரு. கிட்டப் போய்ப் பாத்தா எருமை. டாவுட்டோட எருமை."

"செத்துப்போச்சா?"

"ம்."

"டாவுட்கிட்ட சொன்னீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். டின்னைக்கூடத் தொடாத துப்பாக்கி முதல் தடவையாக ஒரு உயிரைத் தொட்டிருந்தது. தொட்டவர்கள் இருவரும் ஓடி வந்திருந்தார்கள்.

டாவுட் புக்கிட் பாருவில் சொந்தமாகக் கொஞ்சம் வயல் வைத்திருந்த மலாய்க்காரர். அந்த எருமைதான் அவருக்கு ஏரும் வண்டியும். அந்த மரவள்ளிக் கொல்லை சின்னையாவுடையது. பெரியப்பா வேலை பார்த்த தோட்டத்தில் முன்பு ரப்பர் பால் வெட்டியவர் அவர். எருமை கொல்லையில் மேய்வது பற்றி டாவுட்டுக்கும் அவருக்கும் ஏற்கெனவே வாய்த்தகராறு உண்டு. மறுநாள் காலையில் கொல்லைக்குப் போன சின்னையா, செத்துக் கிடந்த எருமையைப் பார்ப்பதற்கு முன்பே மண்ணில் பளபளத்த ஒரு பித்தளைக் கூட்டைப் பார்த்து, எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். பெரியப்பா சுட்ட தோட்டாவின் வெறுங்கூடு அது. சின்னையா மேல் சந்தேகப்பட்டு டாவுட் கூட்டிவந்த "மாத்தா", அதாவது போலீஸ், அவர் பையைத் தடவியபோது அது அகப்பட்டது. ராணுவத்திடமும் இல்லாத, போலீஸிடமும் இல்லாத ஏதோ ஓர் அந்நியத் தோட்டா. புதிதாக மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டருக்குப் பெரியப்பாவையும் தெரியாது, அவர் துப்பாக்கியையும் தெரியாது. அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்திய கம்யூனிஸ்டுகள் காட்டில் இருந்த காலம். லைசன்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே தூக்குக் கயிறுவரை போகலாம். சின்னையாவை விலங்கு போட்டு அழைத்துப் போனார்கள்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பெரியப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே, "விசாரிச்சுட்டு விட்டுருவானுங்க. வெறுங்கூடுதானே" என்றார்.

கணவரின் அண்ணன் என்பதால் அம்மா அவர் எதிரே வந்து நின்று பேசியதே இல்லை. அன்றைக்கு வந்தார். "இந்தத் தோட்டா வேற எவன்கிட்டயும் கெடையாதுன்னு ஊர் பூரா நீங்கதானே மாமா சொன்னீங்க? அத ஸ்டேஷன்ல போயி ஒரு வாட்டி சொல்லுங்க."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நான் போனா என் மரியாதை என்னா ஆவுறது?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். "நீங்க வர்றீங்களா, நான் மட்டும் போவட்டா?"

அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அவருடைய வீரத்தை அதற்கு மேல் நான் புகழ மாட்டேன். ஏனென்றால் இன்ஸ்பெக்டரிடம், "அண்ணனுக்கு உடம்பு முடியலை, அவரேதான் உண்மையைச் சொல்லச் சொல்லி எங்களை அனுப்பினார்" என்று சொல்லியிருக்கிறார். சின்னையா வெளியே வந்தால் போதும் என்று அம்மா வாயை மூடிக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலமே சின்னையாவை விட்டுவிட்டார்கள். லைசன்ஸ் ரத்தானது. துப்பாக்கியை எடுத்துப் போக வந்த போலீஸ்காரருக்குப் பெரியப்பா காப்பி கொடுக்கச் சொன்னார். போகிற துப்பாக்கியின் பிடியைக் கடைசியாக ஒருமுறை இழுத்தும் காட்டினார்.

மறுநாள் டாவுட் வந்து படியேறாமல் வாசலில் நின்றார். "கெர்பாவ் சாயா சூடா மாத்தி" என்று மட்டும் சொன்னார். என் எருமை செத்துவிட்டது என்று பொருள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெரியப்பா அறையைவிட்டு வரவில்லை. "எருமையை எவன் அங்க மேய விட்டான்?" என்று உள்ளேயிருந்து தமிழில் குரல் மட்டும் வந்தது. அம்மா கொட்டிலுக்குப் போய், எங்களிடமிருந்த ஒரே கறவைப் பசுவான லெட்சுமியை அவிழ்த்து வந்து கயிற்றை டாவுட்டின் கையில் கொடுத்தார். விற்று எருமை வாங்கிக்கொள்ளுங்கள் என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். டாவுட் வெகுநேரம் தயங்கிவிட்டுத்தான் பிடித்துக்கொண்டு போனார். பால் ஊற்றி வந்த வீடுகளுக்கெல்லாம் அம்மாவே நடந்துபோய், இனிமேல் பால் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் வரக்காப்பிக்குப் பழகினோம். பெரியப்பாவுக்கு மட்டும் டின்பால் வாங்கினார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு சின்னையா வந்தார். கூடத்தில் சாய்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்து, "ஐயா உடம்பு சரியில்லாதப்பவும் ஆள் அனுப்பி என்னயக் காப்பாத்துனீங்க" என்று கும்பிட்டார். பெரியப்பா தலையை ஆட்டி அந்தக் கும்பிட்டை வாங்கிக்கொண்டார். அப்பா சுவரைப் பார்த்தார்.

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "சின்னையாண்ணே, அந்தத் தாரைத் தூக்கிக்கிட்டுப் போங்க. நீங்க உள்ள இருந்தப்ப இவரு இங்க உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்தாரு. போறதே வேணாம்னாரு."

சின்னையா அம்மாவைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "பரவால்லம்மா. ஐயா வீட்டுக்குன்னு வெட்டுனது, திருப்பி எடுத்துட்டுப் போவக் கூடாது" என்று தாரைத் தூண் ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வந்ததே இல்லை.

பழம் பழுத்ததும், சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இரண்டு உரித்துத் தின்றவர் பெரியப்பா ஒருவர்தான். சுதந்திரம் வந்து, கொடி மாறி, பல வருடங்கள் போன பிறகும், "அந்தத் துப்பாக்கி என் கையில இருக்குறதப் பாத்து சர்க்காருக்கே பயம், அதான் பிடுங்கிக்கிட்டானுங்க" என்று காப்பிக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் நம்பினார்கள்.

இப்போது புக்கிட் பாருவில் மரவள்ளியும் இல்லை, வயலும் இல்லை. வரிசை வீடுகளும் கார்களும்தான். காஜா பேராங் வீட்டை இடித்துவிட்டார்கள். பசு கட்டியிருந்த இடத்தில் டயர் விற்கிறார்கள். போன மாதம் சிங்கப்பூரிலிருந்து பெரியப்பாவின் பேரன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு பழைய படத்தைப் போட்டான். காக்கிக் கால்சட்டையில், துப்பாக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெரியப்பா. கீழே, 'எங்கள் தாத்தா, வேட்டை வீரர்' என்று எழுதியிருந்தான். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் டாவுட்டின் பெயரையும் சின்னையாவின் பெயரையும் லெட்சுமியையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டேன்.

கடைசியில் பேரன்தான் எழுதினான்: "விடுங்க அத்தை, செத்துப்போனவங்களைப் பத்தி எதுக்கு இப்ப?"

நான் விடுவதாக இல்லை என்று பதில் எழுதினேன்.