எதிர்வீட்டு அத்தை பேசாத பேச்சு

அம்மா தம்பியைப் பெறுவதற்காகத் தாய்வீட்டுக்குப் போயிருந்த மாதங்களில்தான் சித்தப்பா எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார். உழவர்கரையில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. எங்களோடு இருந்த சித்தப்பா உப்பளம் பகுதியில் ஒரு பட்டறையில் பைக் மெக்கானிக். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நான் மட்டும்தான்.

எதிர் போர்ஷனில் ஓர் அத்தை இருந்தார். உறவொன்றும் இல்லை, கூப்பிடுகிற முறைதான். கணவர் இறந்துபோய், ஆஸ்பத்திரி ஒன்றில் உதவியாளராக வேலை பார்த்துத் தனியாக வாழ்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொடமொடவென்று புடவை கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போவார்.

"இவங்கல்லாம் முதல்ல இனிப்பா பேசுவாங்க. அப்புறம் மெதுவா ஏசுவப் பத்தி ஆரம்பிப்பாங்க. ஆரம்பிச்ச அன்னைக்கே எங்கிட்ட சொல்லிடணும்" என்றார் சித்தப்பா.

நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் என்னிடம் ஒப்படைத்ததில்லை. அத்தை வாயைத் திறக்கும்போதெல்லாம் உஷாராக நின்றேன். சாப்பிட்டாயா என்று கேட்பார். வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். ஒருநாள், "பாப்பா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்று குரலைத் தாழ்த்தினார். வந்தேவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானேன். கவுனை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருக்கிறேன் என்று சொன்னார்.

சித்தப்பா மாலையில் வந்ததும் என்னைத் தனியாக அழைத்து விசாரிப்பார். இன்னும் இல்லை என்பேன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் என்றுதான் தோன்றியது.

கிறிஸ்துமஸ் அன்று அத்தை ரவையில் செய்த கேக்கைத் தட்டில் வைத்து, மேலே துணி மூடி எடுத்து வந்தார். சித்தப்பா வாசலை மறித்து நின்றார். இதையெல்லாம் கொடுத்து ஆள் பிடிக்கிற வேலையை வேறு எங்கேயாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று, கீழ் போர்ஷன்காரர்கள் அண்ணாந்து பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். அத்தை விலகியிருந்த துணியைத் தட்டின்மேல் இழுத்து மூடினார்.

"சரிப்பா. பாப்பாவுக்குக் காலையிலேர்ந்து இருமலா இருக்குது. வெந்நி வச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அத்தைக்கு ரோஷமே கிடையாது என்று அன்று முடிவு செய்தேன். அம்மாவாக இருந்திருந்தால் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். மறுநாள் காலை, சித்தப்பா படி இறங்கும்போது, "வேலைக்குக் கெளம்பிட்டியாப்பா?" என்று வழக்கம்போலவே கேட்டார் அத்தை. சித்தப்பா பதில் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்டார். சித்தப்பா பதில் சொல்வதில்லை என்பதில் எவ்வளவு உறுதியாக இருந்தாரோ, அத்தை கேட்பது என்பதில் அவ்வளவு உறுதியாக இருந்தார்.

பொங்கல் கழிந்து சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தே கிடந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், தண்ணீர் பிடிக்க இறங்கிய சித்தப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் நடுங்கியது. வேலை முடிந்து வந்த அத்தை அவர் கையைத் திருப்பி, தோலில் இருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். வேண்டாம் என்று சித்தப்பா தலையை ஆட்டினார்.

"கோவத்த அப்புறமா வச்சுக்கலாம். இப்ப ஆட்டோல ஏறு."

அத்தைக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. டெங்கு. இன்னும் தாமதித்திருந்தால் கையை விட்டுப் போயிருக்கும் என்று டாக்டர் அப்பாவைத் திட்டினாராம். அத்தை வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சித்தப்பாவைச் சேர்த்தார்கள். அவர் அங்கே கிடந்தவரை, அத்தை தன் வேலை முடிந்த பிறகும் அங்கேயே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டார். வீடு திரும்பிய பிறகு தினமும் சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்தார்.

என் காவலை இன்னும் பலப்படுத்தினேன். சித்தப்பா எழுந்து ஓட முடியாமல் கிடக்கிறாரே, ஆரம்பிப்பதற்கு இதைவிட நல்ல சமயம் எது? ஆனால் அத்தை கஞ்சியை வைத்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், போனார். தினமும் அவ்வளவுதான்.

கடைசியில் ஒருநாள் சித்தப்பாவே பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"அன்னைக்கு நான் அவ்ளோ பேசினேன். உங்களுக்குக் கோவமே வரலியா?"

"வராம என்னப்பா? உள்ள போயி அழுதேன். உன்ன நாலு வார்த்த கேட்டுடணும்னுதான் இருந்துச்சு. ஜெபம் பண்ணிப் பண்ணித்தான் அடக்கிக்கிட்டேன்."

"எதுக்கு?"

அத்தை பாத்திரத்தின் மூடியைத் திறந்து வைத்தார். "நான் ஏசுவத் திட்டாத திட்டு இல்ல, எங்க வீட்டுக்காரர் போனப்ப. அப்பயும் ஏசு என்னை விடல. அத வச்சுக்கிட்டு நான் உன்ன எப்படி விடறது?"

இதோ, இதோ என்று நான் சித்தப்பாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "உக்காருங்கக்கா. மீதியும் சொல்லுங்க" என்றார். அவர் அத்தையை அக்கா என்றதே அன்றுதான் முதல் தடவை.

சாத்திய கதவுக்குப் பின்னால் ஒருத்தர் தன் கோபத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டு, மறுநாள் காலையில் சிரித்த முகமாக வெளியே வந்து நிற்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்கு என் கடமைதான் பெரிதாக இருந்தது. சித்தப்பா கேட்டுக்கொள்ளும் நிலையில் இல்லாததால், அப்பா வேலையிலிருந்து வந்ததும் அவரிடம் ஓடினேன்.

"அப்பா, ஆரம்பிச்சாச்சு."

ஏசுவைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று விளக்கினேன்.

"யாரு, எதிர்வீட்டு அத்தையா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. சித்தப்பாதான் ஆரம்பிச்சாரு."

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றுவதை விட்டுவிட்டு என் தலையில் கையை வைத்தார். திட்டப்போகிறாரோ என்று பயந்து, அத்தையின் கேக்கில் நான் ஒரு துண்டுகூடத் தின்னவில்லை என்று அவசரமாகச் சொன்னேன்.