ஒன்பதாம் நம்பருக்கு ஆள் கிடைத்த கதை

அடுத்த வாரம் நம்ம உள்ளூர் புட்போல் லீக் தொடங்குகிறது. எங்கள் ஹந்தானை டீமுக்கு ஜேர்சி அடிக்கக் கொடுப்பதற்காக இன்று காலை கண்டி டவுனுக்குப் போயிருந்தேன்.

கடைக்கார பாரூக் நானா, போன முறை கப் வென்ற கலகெதரக்காரர். அளவுகளை எழுதிக்கொண்டே ஒவ்வொரு டீமின் தலைவிதியையும் சொன்னார்.

"கப் இந்த முறையும் எங்களுக்குத்தான்."

"எங்க டீமு எப்புடி நானா?"

"ஒங்களுக்கு கோல் அடிக்க ஆள் எங்க? போன முறை மாதிரியே கடைசிதான்."

சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் பொய்யில்லை. கலகெதரவுக்குக் கோல் கோலாக அடித்த பிரதீப், கல்யாணமாகி இப்போது ஹந்தானையில்தான் குடியிருக்கிறான். எங்களுக்கு ஆடச் சொல்லி இரண்டு மாதமாகக் கெஞ்சுகிறேன். "பாப்போம் அண்ணே" என்பதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. கோல் அடிப்பவருக்கான ஒன்பதாம் நம்பருக்கு நேரே பெயர் எழுதாமலே பட்டியலைக் கொண்டுபோயிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, நான் இங்கே இருப்பதை என் வீட்டில் கேட்டறிந்து அவனே மூச்சு வாங்க உள்ளே வந்தான்.

"அண்ணே, ஒம்போதுல எம்பேரப் போடச் சொல்லுங்க. வீட்டுக்குப் பக்கத்துலயே கிரவுண்ட வச்சிக்கிட்டு இனி கலகெதரவுக்கு பஸ் ஏற முடியாது."

நானாவின் பேனா நின்றுவிட்டது.

"டேய், நீ எங்கட ஆள்தானே!"

"இப்ப ஹந்தானை மாப்பிள்ள, நானா."

பாவம், அந்தப் பெயரை அவர் கையாலேயே எழுதிவிட்டு, "சரி, ஒங்களுக்கு மூணாமிடம்" என்றார். வெளியே வந்ததும் பிரதீப்பை நடுரோட்டில் தூக்கிச் சுற்றிவிட்டேன். வெட்கமே இல்லை.

நானாவின் கணக்கில் நாங்கள் இப்போது மூன்றாம் இடம். உங்கள் கணக்கில்? கலகெதர நண்பர்களும் தாராளமாக வந்து கீழே கமெண்டில் அழலாம்.