முரலுக்கு மூன்று பெயர்

ஊறிய பாணின் மணம்தான் எனக்கு இன்றும் குளிர்காலத்தின் மணம். மீனுக்குத் தூவ, முதல்நாள் மிஞ்சிய ரொட்டியை, அதுதான் எங்கள் பாண், வாளியில் போட்டு, கடல்நீர் விட்டுக் கசக்கி, கொஞ்சம் மீன் எண்ணெயும் சேர்த்துப் பிசையும்போது எழும் அந்த உப்பும் புளிப்பும் கலந்த வாடை, எத்தனை முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் விரல்நுனியை விட்டுப் போகாமல், திங்கட்கிழமை விரி என்ற புறநகரில் எங்கள் கிடங்கு அலுவலகத்தில் கணினியைத் தட்டும்போதும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும்.

இளமைக்கால நினைவு என்றால் என்னுடையதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நான் எழுத விரும்புவது என் மகள் ஆரணியின் இளமைக்காலத்தில் ஒரு பருவத்தை. அதற்கு நான் பக்கத்தில் நின்ற சாட்சி. 2013ஆம் ஆண்டுக் குளிர்காலம் அது. ஒவ்வொரு நாளும் வானிலையை முதல் வரியாக எழுதிவிட்டுத்தான் நாட்குறிப்பைத் தொடங்குவது என் வழக்கம். இந்த நாட்டில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம்; அந்தப் பக்கங்களில் 'வெயில், காற்று குறைவு' என்றே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். பக்குரங்காவில் இருந்த எங்கள் வீட்டில் ஹீட்டரை அலுமாரியிலிருந்து வெளியே எடுக்கும் தேவையே பெரிதாக வரவில்லை.

பத்து வயது ஆரணிக்குப் பள்ளிக்கூடச் சந்தையில் ஒரு சின்னத் தூண்டில் கிடைத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு சனிக்கிழமைக் காலைகளில் நாங்கள் இருவரும் மராயிட்டாய் கடற்கரையில் படகு கட்டும் ஜெட்டிக்குப் போவோம். அங்கே வரும் மற்றவர்கள் பெரிய மீனுக்காகத் தூரத்தில் எறிந்துவிட்டுக் காத்திருக்க, நாங்கள் காலடியிலேயே பாணைத் தூவி, அரிசிமணி அளவு மாவுருண்டையைக் கோத்து, மேல்நீரில் தூண்டிலை மிதக்கவிடுவோம். கொஞ்ச நேரத்தில் பச்சைத் தண்ணீருக்குள் வெள்ளி ஊசிகளைக் கொட்டியதுபோல ஒரு கூட்டம் வரும். ஒரு சாண் நீளம், கீழ்த்தாடை மட்டும் அலகுபோல நீண்டு, அதன் நுனியில் குங்குமம் தொட்டு வைத்ததுபோல ஒரு சிவப்பு.

"ஆரணி, சத்தம் போடாமல் இஞ்சை வா, முரல் நிக்குது" என்பேன். அவள் தன் வழக்கப்படி ஆங்கிலத்தில், எத்தனை முரல் என்று கேட்பாள்.

என் கணவர் சேகர் மலேசியாக்காரர். வாளியை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும். "என்னா மாலினி, இதுக்கா பெட்ரோல் போட்டுக்கிட்டு அவ்ளோ தூரம் போறீங்க? பூனைக்கே பத்தாது லா" என்பார், தன் ஊர் 'லா'வையும் ஒட்டி. மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசி மொறுமொறுவென்று பொரித்து வைத்தால், தட்டில் முள்கூட மிஞ்சாமல் சாப்பிடுபவரும் அவர்தான்.

ஜூலை விடுமுறை முடிந்ததும் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒவ்வொரு பேச்சுத் தயாரிக்க வேண்டும் என்றார்கள். ஆரணி தன் விருப்பமான விஷயத்தை எழுதிக் கொடுத்தாள்: சனிக்கிழமைகளில் அம்மாவும் நானும் முரல் பிடிப்போம். எழுதியது ஆங்கிலத்தில். 'முரல்' என்பதை அவள் எழுதிய அதே எழுத்துகளில் ஆங்கிலத்தில் வேறொரு சொல் இருக்கிறது. சுவரோவியம் என்று பொருள். ஆசிரியை மகிழ்ந்துபோய், எந்தச் சுவரில் வரைகிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். சுவரில் இல்லை, கடலில், தூண்டில் போட்டுப் பிடிப்போம் என்றிருக்கிறாள் இவள். இழுத்தால் சுவரும் சேர்ந்து வருமா என்று ஒரு பையன் கேட்க, வகுப்பே சிரித்துவிட்டது.

அன்று பின்னேரம் காரில் ஏறியவள் பெல்ட்டைப் போடும் முன்னரே கேட்டாள். அது தமிழ் என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை? உண்மையில் சொல்லத் தோன்றியதே இல்லை. முரலை முரல் என்றுதான் சொன்னேன். அவளோ அதை ஆங்கிலம் என்றே எண்ணி வளர்ந்திருக்கிறாள்.

அதன் பிறகு வீட்டில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைத்து விசாரணை நடந்தது. தேங்காய்ப்பாலில் வைக்கும் 'சொதி' இங்கிலிஷா? சமைக்கிற 'குசினி' இங்கிலிஷா? சேகர், "'லா' மட்டும் இங்கிலிஷ்தான்மா, தைரியமா சொல்லு" என்றார். அவள் சிரிக்கவில்லை. பேச்சை நெட்பால் விளையாட்டைப் பற்றியதாக மாற்றப்போவதாகச் சொன்னாள். இனி வெளியே சொல்லிக் கேலிக்கு ஆளாக முடியாத சொற்கள் என்று அவள் மனத்தில் ஒரு மூலை ஒதுக்கப்பட்டுவிட்டது எனக்குத் தெரிந்தது. இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் தமிழ் அந்த மூலைக்குள் போய்த் திரும்பி வராததைப் பார்த்திருக்கிறேன். என் பயம் அதுதான்.

அடுத்த சனிக்கிழமை வர மறுத்தாள். பிறகு காருக்குள்ளேயே இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தாள். வெயிலில் காருக்குள் வெக்கையாகி, சற்று நேரத்தில் ஜெட்டிக்கு வந்து என்னருகே நின்றாள். பக்கத்தில் இந்த நாட்டின் பூர்வகுடியான ஒரு மாவோரிப் பெண், முப்பது வயதிருக்கும், தன் இரண்டு பிள்ளைகளோடு தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வாளியைப் பார்த்து, "நல்ல இஹே" என்றாள். இல்லை, இது பைப்பர் என்று ஆரணி ஆங்கிலப் பெயரைச் சொல்லித் திருத்தினாள். ஆசிரியையிடம் அந்த வாரம்தான் கற்றது.

"பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இது இஹே. உங்கள் வீட்டில்?"

ஆரணி என்னைப் பார்த்தாள். பதில் என் நாக்கின் நுனியில் இருந்தது. நான் குனிந்து, சிக்காத தூண்டில் நூலில் சிக்கெடுக்கத் தொடங்கினேன்.

"முரல்" என்றாள், மெதுவாக.

"மூரால்?"

"மூரால் இல்லை. முரல்." இப்போது குரல் உயர்ந்தது. "இழுக்கக் கூடாது."

அந்தப் பெண்ணும் அவள் பிள்ளைகளும் சரியாகச் சொல்லும்வரை ஆரணி விடவில்லை. திருப்பிச் சொல்லவைத்து, கடைசியில் 'ஓகே' என்று அனுமதி கொடுத்தாள்.

பேச்சு நாளன்று பெற்றோரும் வரலாம் என்றார்கள். அரைநாள் விடுப்பு எடுத்து, சேகரோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நெட்பாலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மூன்று பெயர் கொண்ட ஒரு மீனைப் பற்றி, அது எப்படிக் கூட்டமாக வரும், எப்படித் தூண்டிலை அசைக்காமல் கவ்வும் என்று, கையில் தாள் இல்லாமல் பேசினாள். கேள்வி நேரத்தில், முன்பு சுவரைப் பற்றிக் கேட்ட அதே பையன் எழுந்தான். இதில் எதுதான் உண்மையான பெயர் என்றான்.

ஆரணி யோசிக்கவே இல்லை. "அன்றைக்கு யார் சமைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது" என்றாள்.

வகுப்பு மறுபடி சிரித்தது. இந்த முறை அவளோடு சேர்ந்து. "அப்படியே என் வாய் லா" என்று சேகர் என் தோளில் இடித்தார். பரிசு வேறொரு பிள்ளைக்குப் போனது. நான் வீடு திரும்பும் வழியெல்லாம் தலையை நிமிர்த்தியே காரோட்டினேன் என்று அவர் இன்றும் கேலி செய்கிறார், செய்யட்டும்.

ஆரணி இப்போது வெலிங்டனில் வேலை செய்கிறாள். தொலைபேசியில் பேசுவது இன்னமும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆனால் தமிழ்ச் சொல் வேண்டிய இடத்தில், யார் கூட இருந்தாலும் குரலைத் தாழ்த்தாமல் சொல்லிவிட்டுப் போகிறாள். எந்தச் சொல் எந்த மொழி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அது தெரியாமல், இரண்டும் ஒரே மொழி என்று நம்பி, இரண்டையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்த பிள்ளைதான் இப்போது இல்லை.