ரைட் ஓகே, லெஃப்ட் ஓகே

என் மகளுக்கு இரண்டேகால் வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை, தண்ணி கூட இல்லை. வேண்டும் என்றால் கையைப் பிடித்து இழுப்பாள், வேண்டாம் என்றால் தரையில் படுத்துக்கொள்வாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். காதைச் சோதித்துப் பார்த்தார்கள். நன்றாகக் கேட்கிறதாம். டாக்டரம்மா மருந்து எதுவும் எழுதவில்லை.

"போனைக் கையில குடுக்காதீங்க. தினம் வெளிய கூட்டிட்டுப் போங்க. எதைப் பாத்தாலும் பேர் சொல்லிப் பேசுங்க. மூணு மாசம் பாப்போம். அப்பவும் வரலைன்னா மெட்ராஸ்ல ஸ்பீச் தெரபி ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது என் மனைவி, "மூணு மாசம்" என்று மட்டும் சொன்னாள். எனக்கும் பயம்தான். ஆனால் வண்டி ஓட்டுகிறவன் அதைக் காட்டிக்கொள்ள முடியாது.

வெளியே கூட்டிப் போகலாம், சரி. எங்கே போவது? நாங்கள் குடியிருப்பது ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் போகும் பக்கம், வாடகை வீட்டு மாடியில். கீழே இறங்கினால் கம்பெனிச் சுவர். சுவர் முடிந்தால் ஒரு கேட், கேட் முடிந்தால் அடுத்த கம்பெனிச் சுவர். நல்ல பச்சைப் புல், ஊஞ்சல் போடலாம் போல மரம், எல்லாம் உண்டு. சுவருக்கு உள்ளே. அதைப் பார்க்க ஐடி கார்டு வேண்டும். குழந்தையோடு போய் நிற்க இந்த வட்டாரத்தில் யாரும் ஒரு இடம் கட்டி வைக்கவில்லை.

ஆகவே எங்களுக்கு மூன்றே இடம். வார லீவில் சூப்பர் மார்க்கெட், அங்கே தள்ளுவண்டியில் உட்கார வைத்து ஏசியில் நான்கு சுற்று. கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயில். மற்ற நாள் சாயங்காலமெல்லாம் ஹைவேயைக் கடந்து எதிர்ப்புற பேக்கரி. அங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் லாரி பார்க்கலாம், பன் தின்னலாம்.

அடுத்த சிக்கல் பேசுவது. நான் பிரஸ் ஷாப்பில் வேலை செய்பவன். தகட்டைக் கார்க் கதவாக அடிக்கும் இடம். எட்டு மணி நேரமும் காதில் இயர்பிளக். கத்தினாலும் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது, எல்லாம் கை ஜாடைதான். பத்து வருஷம் இப்படி இருந்தவன் வாய் எப்படி இருக்கும்? வீட்டிலும் "ம்", "சரி", "சோறு போடு" என்பதற்கு மேல் நான் போனதில்லை.

முதல் நாள் பேக்கரி போய்விட்டு வந்ததும் மனைவி கேட்டாள், "பாப்பா கிட்ட இன்னா பேசுனீங்க?"

"பன் வேணுமான்னு கேட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, துன்னுச்சு."

"வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு கீறீங்க? டாக்டரம்மா அவ்ளோ சொன்னாங்களே!"

மறுநாள் முயன்று பார்த்தேன். "அதோ பாரு, ட்ரெய்லர். அது மேல காரு. அந்தக் கதவு அப்பா அடிச்சது." இவ்வளவையும் சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினால் டீ மாஸ்டர் டீயை ஆற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பன்னில் இருந்த செர்ரித் துண்டை நோண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ட்ரெய்லரும் ஒன்றுதான், என் கதவும் ஒன்றுதான். ஆனாலும் விடவில்லை. லாரி, பஸ், ஷேர் ஆட்டோ, நாய், குப்பை வண்டி என்று தினம் ஒப்பித்தேன். அவள் வாய் மூடியே இருந்தது.

வல்லக்கோட்டையில் வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்ற ஒரு அம்மாள், "பேர் இன்னாடா கண்ணு?" என்று குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். அவள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "இன்னும் பேச்சு வரலியா? போனைக் குடுத்துக் குடுத்தே ஒக்கார வச்சிருப்பீங்க."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வூட்டு போன் உங்க கையிலயா இருந்துச்சு?" என்றேன். மனைவி என் முதுகில் கிள்ளினாள். அந்த அம்மாள் சந்நிதி வரும்வரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. உண்மையில் அவர் சொன்னது சரிதான். நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் நான் தூங்க வேண்டும் என்பதற்காக மகள் கையில் போனைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்தது நாங்கள்தான். சத்தம் போடாதே, அப்பா தூங்குறாரு என்று ஒரு வருஷம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதை அவள் நன்றாகவே கற்றுக்கொண்டாள். சாமி கும்பிடும்போது அதுதான் மனதில் ஓடியது, வேறு எதையும் என்னால் வேண்டிக்கொள்ள முடியவில்லை.

இதற்கு நடுவில் என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் ஷாப்பில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி போகும் பாதையைக் கடக்கும் முன் மஞ்சள் கோட்டில் நிற்க வேண்டும். வலது பக்கம் விரலை நீட்டி "ரைட் ஓகே", இடது பக்கம் நீட்டி "லெஃப்ட் ஓகே", நேரே நீட்டி "ஸ்ட்ரெய்ட் ஓகே". யாருக்கும் கேட்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏதாவது வந்தால் அது போகும்வரை விரலை இறக்கக் கூடாது. சொல்லாமல் கடந்தவனை மறுநாள் காலை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்துச் சொல்லச் சொல்வார்கள். புதிதில் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது கை தானாக எழும். கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போகும் வழியில் கூட ஒரு தடவை எழுந்திருக்கிறது.

ஹைவேயிலும் அப்படித்தான். மகளை இடது இடுப்பில் வைத்துக்கொள்வேன், வலது கை சும்மா இருக்க வேண்டும் என்பதற்காக. ரோட்டு ஓரத்தில் ஒரு முறை, நடுத் திட்டில் ஒரு முறை. கூட வரும் நாட்களில் மனைவி இரண்டடி தள்ளி நின்றுகொள்வாள்.

"நடுரோட்ல நின்னுகினு டூட்டி பாக்குறீங்களா? பஸ்ஸுல போறவன்லாம் பாக்குறான். மானம் போவுது."

"பாத்துட்டுப் போறான். அவன் வூட்டுக்கா போறோம்?" என்பேன். இது குழந்தையிடம் பேசுகிற கணக்கில் சேரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அது ரோட்டுக்குச் சொல்வது.

இரண்டரை மாதம் ஓடிவிட்டது. ஒரு வார்த்தை கூட இல்லை. மனைவி மெட்ராஸில் எந்த இடம், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்றெல்லாம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் பேக்கரிக்குக் கிளம்பினோம். படி இறங்கும்போதே சண்டை. வாரத்தில் மூன்று நாள் தெரபி என்றால் நான் எப்படி லீவு போடுவது? மனைவி, "நீங்க ஒழுங்கா பேசியிருந்தா இங்க வந்து நின்னுருக்குமா?" என்று கேட்டுவிட்டாள். அது உண்மைதான். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்த நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வரச் சொல்லி சூப்பர்வைசர் போன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் மீதிருந்த கோபத்தை அவர் மீது காட்ட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, ரோட்டில் இறங்கக் காலைத் தூக்கினேன். விரல் நீட்டவில்லை. ஒன்றும் சொல்லவில்லை.

இடுப்பில் இருந்தவள் விறைத்தாள். என் சட்டைக் காலரை இடது கையால் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பன் கிடைக்காத கோபம் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். வலது கை நீண்டிருந்தது, ஆள்காட்டி விரல் வலது பக்கம். அங்கே கார் ஏற்றிய ட்ரெய்லர் வந்துகொண்டிருந்தது. காலைப் பின்னால் எடுத்தேன். ட்ரெய்லர் கடந்து போகும் காற்றில் அவள் முடி பறந்தது. விரல் இறங்கவில்லை. அதன் பின்னால் ஒரு கம்பெனி பஸ். அதற்கும் இறங்கவில்லை. பாதை காலியான பிறகு அவள் வாய் திறந்தது.

"ஓ... ஏ."

போனில் சூப்பர்வைசர் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார். நான் கட் செய்தேன். மகள் விரலை இடது பக்கம் திருப்பினாள். எதிர்த்திசையில் ஏறி வந்த ஒரு பைக் தாண்டும்வரை பார்த்தாள். "ஓ... ஏ." பிறகு நேரே, பேக்கரியை நோக்கி. "ஓ... ஏ."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை மறைக்க ஒன்றுமில்லை. இத்தனை நாளும் அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எப்போது சொல்ல வேண்டும், எப்போது சொல்லக் கூடாது என்பது வரை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மனைவி தள்ளி நிற்கவில்லை. என் தோளை ஒட்டி வந்து, "சொன்னாளா? சொன்னா இல்ல?" என்று என்னையே உலுக்கினாள்.

மூன்று பக்கமும் ஓகே சொல்லியாகிவிட்டது, நாங்கள் இரண்டு பேரும் நகராமல் நின்றோம். மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்து மறுபடி பேக்கரியைக் காட்டினாள். ஆனால் நாங்கள் நின்ற நேரத்தில் வலது பக்கம் அடுத்த லாரி வந்துவிட்டது. அவளும் அதைப் பார்த்தாள். கையை மடக்கி, மறுபடி முதலிலிருந்து வலது பக்கம் நீட்டினாள்.

பக்கத்தில் மனைவியின் விரலும் நீண்டிருந்தது. லாரி போகும்வரை மூவரும் காத்திருந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. மகள் சொல்லட்டும் என்று நின்றேன்.